மாமன் போட்ட மாலை

என் இளைய மகளின் வேலையில் பாதி பாடி ஆடுவது. மற்றப் பாதி, வருகிற ஆண்களுக்குக் கை கொடுப்பது. எங்கள் ஆட்கள் யாராவது மகள் ஜப்பானில் என்ன செய்கிறாள் என்று கேட்டால், மேடையில் பாடுகிறாள் என்று சொல்லிவிட்டு நான் தேநீர் போடப் போய்விடுவேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதுவதென்றால் கொஞ்சம் வரும் போலிருக்கிறது.

அங்கே அப்படிப் பாடுகிற பிள்ளைகளை ஐடல் என்கிறார்கள். மகளின் குழுவில் ஐந்து பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். மகளுடையது மஞ்சள். தொலைக்காட்சியில் வருகிற பெரிய குழு அல்ல. நிலத்துக்குக் கீழே ஒரு சின்ன மண்டபம், இருநூறு பேர், அநேகமாக எல்லாரும் ஆண்கள், கையில் வெளிச்சக் குச்சி. பாட்டு முடிந்ததும் நீளமாக ஒரு மேசை போடுவார்கள். பாட்டு சிடி ஒன்று வாங்கினால் அதற்குள் ஒரு கடதாசித் துண்டு இருக்கும். அந்தத் துண்டைக் கொடுத்தால், பிடித்த பிள்ளையின் கையைச் சில விநாடிகள் பிடித்துக்கொண்டு கதைக்கலாம். நேரம் முடிந்ததும் பக்கத்தில் நிற்கிற ஊழியர் தோளில் தட்டி நகர்த்திவிடுவார். பத்துத் துண்டு வைத்திருக்கிறவர் பத்துத் தரம் சுற்றி வருவார்.

மகள் ஒருநாள் அதைத் தொலைபேசியில் காட்டினாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலால் வந்துகொண்டே இருந்த கைகளைத்தான் பார்த்தேன். மெல்லிய கை, மயிர் நிறைந்த கை, வியர்வையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டுகிற கை. அதில் ஒரு கை கெட்ட கையாக இருந்தால் என்ன செய்வது?

"பையெல்லாம் பாத்துத்தான் உள்ளை விடுவினம் அம்மா. பயப்பிடாதேங்கோ," என்று சிரித்தாள்.

அவள் பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்ட் ஊர் நூலகத்தில் ஜப்பான் படக்கதைகளோடு வளர்ந்தவள் அவள். தானாகவே பாஷையைப் படித்தாள். கிம்னாசியம் என்கிற மேல்வகுப்புப் படிப்பை முடித்ததும் ஒரு வருடம் போய் வருகிறேன் என்றாள். ஒரு வருடத்துக்குள் இந்தக் குழுவில் ஆள் எடுத்தார்கள். இவளையும் எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு கட்டளை இருந்தது. காதல், கலியாணம் கூடாது. தெரியவந்தால் நீக்கிவிடுவார்கள்.

என் கணவர் அதைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தார். "இதை நான் ஏழெட்டு வருசமாச் சொல்லுறன். நான் சொன்னால் அடிமைத்தனம். ஜப்பான்காரன் சொன்னால் கையெழுத்துப் போடுறாள்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கட்டளை ஆறுதலாகத்தான் இருந்தது. தனியாக இருக்கிற பெண்பிள்ளைக்கு ஒரு வேலி என்று நினைத்தேன்.

மூத்த மகன் எனக்குப் பேஸ்புக் திறந்து தந்திருந்தான். நான் அதில் ஒன்றும் எழுதுவதில்லை. நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் நான். இருபது வருடம் ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தேன். அங்கேயும் என்னை ஒரு வாய் பேசாத மனுசி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் மகளின் குழு போடுகிற ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு இதயத்தை அமத்திவிடுவேன். ஒன்றும் விடமாட்டேன். ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவில் தமிழ் எழுத்தில் என் பேர் ஒன்றுதான் நிற்கும். அதைப் பார்த்து யாராவது யார் இந்த மனுசி என்று யோசிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருவர் யோசித்தார். என் முகப்படத்தில் மகளின் சாயலைக் கண்டிருக்கவேண்டும். நண்பராகச் சேர்க்கும்படி கேட்டு வந்தார். படத்தில் முகம் இல்லை, மகளின் ரசிகர்கள் கழுத்தில் போடுகிற மஞ்சள் துவாய் மட்டும் இருந்தது. எழுதியது தமிழ். ஜப்பான் பாஷையை மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு மாற்றிய தமிழ்.

"வணக்கம் அம்மா. நான் உங்கள் மகளின் ஆதரவாளர். அவரைப் பெற்றதற்கு நன்றி."

என் பிள்ளையைப் பெற்றதற்கு எனக்கு யாரும் அதுவரை நன்றி சொன்னதில்லை. வீட்டு வாசலில் வந்து வணக்கம் சொல்கிறவரை நில் என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. சேர்த்துக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஆம்பிளையை இந்த வயதில் நண்பராகச் சேர்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் எப்போதாவது எழுதுவார். உங்கள் ஊரில் பனியா, உங்கள் முழங்கால் நலமா என்று கேட்பார். முழங்கால் கதை நான்தான் சொல்லியிருந்தேன். ஒருநாள், மகள் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்டார். நான் பதில் எழுதவில்லை. இரண்டு கிழமை கழித்து மகளுக்கு இருபத்து மூன்றாவது பிறந்தநாள் வந்தது. பழைய படம் ஒன்றைப் போட்டேன். அவர் கேட்டதற்காகப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் போடும்போது அந்தக் கேள்வி மனதில் இருந்தது.

மகளின் சாமத்திய வீட்டுப் படம் அது. பெரிய பிள்ளையானதற்கு நாங்கள் செய்த சடங்கு. கலியாணக் கூறை மாதிரிச் சிவப்புப் பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, தலைநிறைய மல்லிகை. அலங்காரம் செய்ய வந்த பெண் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இருபது வயதாக்கி வைத்திருந்தாள். பின்னால் மணவறை. எங்கள் ஆட்கள் சடங்குக்கும் கலியாணத்துக்கும் ஒரே மணவறையைத்தான் வாடகைக்கு எடுப்பது. முன்னால், சில்க்போர்க் நகரத்தில் இருக்கிற என் தம்பி, பட்டு வேட்டியோடு, மீசைக்கு மை பூசிக்கொண்டு, மகளின் கழுத்தில் ரோஜா மாலை போடுகிறான். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவதுதான் முறை. எங்கள் வீடுகளில் அந்தப் படம் இல்லாத அல்பம் கிடையாது.

படம் போட்டு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் எங்கள் குடியிருப்பின் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்தேன். மகள் தொலைபேசி எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் எடுப்பதில்லை.

"அம்மா, பேஸ்புக்கிலை என்ன படம் போட்டனீங்கள்?"

"உன்ரை படம் தான் பிள்ளை. பிறந்தநாளுக்கு. ஏன், வடிவில்லையோ?"

"அதை எடுங்கோ. இப்பவே எடுங்கோ. நான் கலியாணம் கட்டினவள் எண்டு சொல்லுகினம்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "விசரோ? அது உன்ரை மாமா."

"எனக்குத் தெரியும் அம்மா. அவைக்குத் தெரியாதே. ஒரு ஆம்பிளை எனக்கு மாலை போடுறார். நான் தலையைக் குனிஞ்சு நிக்கிறன். ஆரோ உங்கட பக்கத்திலையிருந்து எடுத்துப் போட்டு, ரெண்டு நாளாய் எல்லா இடமும் அந்தப் படம்தான். குழுவை நடத்துற ஒப்பீஸிலை கூப்பிட்டு விசாரிச்சவை."

சிரிப்பு அப்படியே காய்ந்துவிட்டது. மெஷின் சுற்றி முடிந்து கூவிக்கொண்டு நின்றது. நான் உடுப்பை எடுக்காமல் வீட்டுக்கு வந்து படத்தை அழித்தேன். அழித்தால் அங்கே இருக்கிற படங்களும் அழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மகள் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலர் அவளுடைய மஞ்சள் துவாய்களை வெட்டிப் படம் எடுத்துப் போட்டிருந்தார்களாம். ஏமாற்றுக்காரி, எங்கள் காசில் புருஷனோடு வாழ்கிறாள் என்று எழுதினார்களாம். ஒருவர் அவள் ஏறுகிற ரயில் நிலையத்தின் படத்தைப் போட்டிருந்தாராம். படத்தில் ஆள் இல்லை. நிலையம் மட்டும். சனிக்கிழமை அடுத்த கை கொடுக்கும் நாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படம் என்ன என்று தாய் கையால் எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் குழுவில் வைத்திருக்க முடியாது என்று ஒப்பீஸில் சொல்லியிருந்தார்கள்.

"அவ்வளவுதானே? நான் எழுதித் தாறன். சாமத்திய வீடு எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்தி எழுதுறன்."

"நை, அம்மா!" என்று டேனிஷில் கத்தினாள். "அதை எழுதக் கூடாது. ஒரு சொல்லும் எழுதக் கூடாது."

"ஏன் பிள்ளை? உண்மைதானே."

"அம்மா, எனக்கு முதல் முதல் பீரியட் வந்ததுக்கு நீங்கள் ஹோல் எடுத்து விழா செய்தனீங்கள் எண்டு எழுதப்போறீங்களோ? நீங்கள் அதை எழுதினால், சனிக்கிழமை வாற இருநூறு பேரும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அதைத்தான் நினைப்பினம். அதை விடக் கலியாணம் கட்டினவள் எண்டு நினைக்கட்டும்."

நாங்கள் அழைப்பிதழ் அடித்து, முந்நூறு பேரைக் கூப்பிட்டு, வீடியோக்காரனையும் வைத்துச் செய்தோம். அன்றைக்குக் காலமை அவள் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்து டேனிஷ் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விழா என்று பொய் சொல்லியிருந்தாள். ஒரு நாள்தானே, எல்லாரும் வந்துவிட்டார்கள், மரியாதையைக் காப்பாற்று என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியவள் நான். பெரிய கூட்டத்தைக் கண்டால் எனக்கே பயம். இருந்தும் அவளைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு நடுவில் இருத்தினேன். அதை இவ்வளவு வருடமும் நான் திரும்பி யோசித்ததே இல்லை.

பின்னேரம் தம்பி எடுத்தான். மகன் அவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

"அக்கா, என்ரை படம் ஜப்பான் முழுக்கப் போகுதாமே? நான்தான் மாப்பிள்ளையாம்!"

"சிரிக்காதை. பிள்ளையின்ரை வேலை போகப் போகுது."

"சிரிக்கேல்லை அக்கா. என்ரை மனுசிதான் சிரிக்கிறாள். உந்த மீசைக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் எண்டு கேக்கிறாள். இஞ்சை பாருங்கோ, எங்கட கலியாணப் பதிவுக் கடிதம் இருக்கு. நகரசபை முத்திரை குத்தினது. அனுப்பட்டோ?"

"அனுப்பு," என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர். "ஜப்பான்காரன் முத்திரையைக் கண்டால் நம்புவான்." பிறகு என்னைப் பார்த்து, "நீர் இனி அந்த ஃபோனைத் தொடாதையும். உம்மடை ஒரு இதயம் போதும்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் தேநீரைக் குடிக்காமலே கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவினார்.

புதன்கிழமை மஞ்சள் துவாய்க்காரரிடமிருந்து வந்தது.

"அம்மா. உங்கள் மகள் திருமணமானவரா? நான் நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சென்றேன். நீங்களும் எனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் கையைப் பிடித்துக் கேட்பேன்."

அன்று முழுவதும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. "நீங்களும்" என்று எழுதியிருந்தான். அவர் என்பதா அவன் என்பதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நல்ல மனுசன் ஒருவர் மனம் நொந்து எழுதியதா? இல்லை, சொல்லிவிட்டுச் செய்கிறவன் எழுதியதா? மெஷின் மாற்றிய எழுத்தில் குரல் கேட்காது. கத்தி வைத்திருக்கிறவன் எழுதினாலும் கண்ணீரோடு எழுதினாலும் அது ஒரே மாதிரித்தான் வரும்.

கணவரிடம் சொல்ல நான்கு தரம் அடுப்படியிலிருந்து எழும்பினேன். நான்கு தரமும் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி இருந்தேன். யார் அவர், உமக்கு எப்படித் தெரியும், எவ்வளவு நாளாக என்று கேட்பாரே. வியாழக்கிழமை காலமைதான் மகளிடம் சொன்னேன். அவளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. மஞ்சள் துவாய் வைத்த ஒருவர் எனக்கு எழுதினார் என்று மட்டும் சொன்னேன்.

"அவரோ? அவர் எப்பவும் முதல் வரிசை. ஒண்டும் செய்யமாட்டார்," என்றாள். பிறகு மெதுவாக, "அப்பிடித்தான் நினைக்கிறன்," என்றாள்.

"சனிக்கிழமை போகாதை பிள்ளை. உன்னைக் கும்பிட்டன். காய்ச்சல் எண்டு சொல்லு."

"போகாட்டில் ஓம் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. நாலு வருசம் அம்மா. நான் அந்த மேசையிலை நிப்பன்."

கடிதத்தை எழுத இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய எனக்கு, கடிதம் என்றால் எப்போதும் பயம்தான். ஒப்பீஸ் கடிதம் என்றால் சொல்லவேண்டாம். படத்தில் மாலை போடுகிறவர் என் உடன்பிறந்த தம்பி. அவர் திருமணமானவர், பத்திரம் இத்துடன் உண்டு. இது எங்கள் குடும்பச் சடங்கு. மகள் திருமணம் செய்யவில்லை. நான்கு வரிதான். எந்தச் சடங்கு என்று எழுதவில்லை. மகன் அதை டேனிஷுக்கு மாற்றினான், மகள் அதை ஜப்பான் பாஷைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

ஒப்பீஸ் ஏற்றுக்கொண்டது. ஆனால் சனிக்கிழமை மேடையில் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டும். கலியாணம் நடக்காவிட்டால் எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். கவலைப்பட வைத்ததற்காம்.

வெள்ளிக்கிழமை, கணவர் கடைக்குப் போன நேரம், நான் ஒரு வேலை செய்தேன். மஞ்சள் துவாய்க்காரருக்குப் பதில் எழுதினேன். பேசாமல் இருந்தால் அவருடைய கோபம் மேசைவரை வளர்ந்துகொண்டே போகும் என்று தோன்றியது.

"தம்பி, அது கலியாணம் இல்லை. மாலை போட்டது பிள்ளையின் மாமா. எங்கள் ஆட்களில் பெண்பிள்ளை வளர்ந்தால் மாமா மாலை போடுவார். என் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளை ஒன்றும் செய்யாதேங்கோ. அம்மா."

வளர்ந்தால் என்று மட்டும்தான் எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை. அவர் வாசித்துவிட்டார் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

சனிக்கிழமை எங்களுக்குக் காலமை ஒன்பது மணி, அவர்களுக்குப் பின்னேரம் ஐந்து. மேடையை மட்டும் நேரடியாகக் காட்டுவார்கள். கணவரும் நானும் சோபாவில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். மகள் மஞ்சள் உடுப்போடு முன்னால் வந்து ஏதோ சொன்னாள். பிறகு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக மஞ்சள் குச்சிகள் ஆடுகிற இடம் இருட்டாக இருந்தது.

"எழும்படி பிள்ளை," என்றார் கணவர், தொலைக்காட்சியைப் பார்த்து. "நீ என்ன செய்தனீ? போதும், எழும்பு."

அவள் குனிந்து நின்றது என் தப்புக்கு. நான் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. ஐந்து பாட்டுப் பாடினார்கள். அதோடு படம் நின்றுவிட்டது. இனித்தான் மேசை.

மேசை இரண்டு மணித்தியாலம். ஒன்றும் தெரியாத இரண்டு மணித்தியாலம். நான் ஒரு கிலோ வெங்காயம் உரித்தேன். எதற்கு என்று கணவர் கேட்கவில்லை. தொலைபேசி ஒரு தரம் அடித்தது. தம்பி. "என்ன மாதிரி?" என்று கேட்டான், இந்த முறை பகிடி இல்லை. வைக்கச் சொன்னேன், லைன் பிசியாக இருக்கக் கூடாது என்று. யன்னலுக்கு வெளியே ஆட்கள் சைக்கிளில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மனுசி நாயோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே, நீட்டப்படுகிற ஒவ்வொரு கையையும் மனதுக்குள் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மகள் எடுத்தபோது கணவர்தான் முதலில் பறித்தார். "இருக்கிறியோ?" என்று கேட்டார். நலமோ என்றுகூடக் கேட்கவில்லை.

"இருக்கிறன் அப்பா. வழமையிலும் பாதி ஆக்கள்தான் வந்தவை. குழுவிலை இருக்கலாம் எண்டு சொல்லிட்டினம். அம்மாட்டைக் குடுங்கோ."

நான் ஃபோனை அறைக்குள் கொண்டுபோனேன்.

"அம்மா, அவர் வந்தவர். எட்டுத் தரம் சுத்தி வந்தவர்."

"என்ன கேட்டவர்?"

"ஒண்டும் கேக்கேல்லை. ஏழு தரமும் கையைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டவர். எட்டாந்தரம் தமிழிலை கதைச்சவர். 'அம்மா எனக்குச் சொன்னார்' எண்டு தமிழிலை சொல்லிச் சிரிச்சவர். நீங்கள் அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். தம்பி என்று எழுதியதையும், வளர்ந்தால் என்று எழுதியதையும், முழங்கால் கதையையும், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் இப்ப எங்கட வீட்டு ஆள் எண்டு நினைக்கிறார் அம்மா. மேசைக்கு அங்காலை நிக்கிற வரைக்கும் எனக்குப் பயம் இல்லை. நீங்கள் இஞ்சாலை எடுத்து விட்டிட்டீங்கள். அவரைப் பேஸ்புக்கிலை இருந்து அழியுங்கோ. இண்டைக்கே அழியுங்கோ."

ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் போய்விட்டது. மகள் இன்னும் அந்த மேசையில் நிற்கிறாள். மஞ்சள் குச்சிகள் திரும்பவும் கொஞ்சம் கூடியிருக்கின்றன என்கிறாள். அவரை அழித்துவிட்டேனா என்று ஒருமுறை கேட்டாள். அழித்துவிட்டேன் என்றேன். பிள்ளைக்கு நான் சொன்ன பெரிய பொய் அது.

அழிக்க முடியவில்லை. பல தரம் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். அமத்தினால் அவருக்குத் தெரியவரும். தெரியவந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அடுத்த சனிக்கிழமை என் பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் கேட்பார். அவர் ஒவ்வொரு நாள் காலமையும் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார். தாமரை, செவ்வந்தி, சிலவேளை பனித்துளியோடு ரோஜா. "இனிய காலை வணக்கம் அம்மா." நானும் ஒரு பூவைத் தேடி எடுத்துத் திருப்பி அனுப்புகிறேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்து அனுப்பாமல் விட்டுவிட்டேன். பின்னேரம் மூன்று செய்தி வந்து கிடந்தது. மூன்றிலும் அம்மா, அம்மா என்று மட்டும் இருந்தது. எழும்பி இருந்து, கண் தெரியாமல், கையில் அகப்பட்ட பூவை அனுப்பினேன்.

மகளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆகையால் இதை அவள் வாசிக்கமாட்டாள். ஆனால் அவரிடம் மெஷின் இருக்கிறது. எங்கே தமிழ் எழுத்தைக் கண்டாலும் போட்டு மாற்றி வாசிப்பார். அதனால்தான் இதில் ஒருவருடைய பேரையும் நான் எழுதவில்லை.